உறக்கத்துக்கும் ஒரு கணக்கு!

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

நோய் தீர்க்கும் பணிக்கு நான்கு அங்கங்கள் உண்டென்று வள்ளுவர் வகுத்துச் சொன்னார். நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிலிருந்து அதைக் கொடுப்பவர். இந்த நான்கும் ஒழுங்காக அமைந்தால் நோய் தீரும் என்பது அவர் கண்ட வழி. இன்றோ ஐந்தாவதாக ஒருவர் வந்து நடுக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் பில்! மற்ற நால்வரும் சரியாக இருந்தாலும் இவர் தலையசைக்காவிட்டால் மருந்து வீடு வந்து சேராது.

கதையும் கவிதையும் மணக்கும் ஆண்டு மலரில் பில்லைப் பற்றி ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் நகைக்கலாம். நகைக்கட்டும். பட்டம் பெற்றபின் நம்மில் பலருக்குச் சோறு போடப்போவது இந்த பில்கள்தாம். அந்த வேலைக்குப் போகாதவர்களும் என்றாவது ஒரு நாள் மருத்துவமனைக் கவுன்ட்டர் முன் நின்றுதான் ஆக வேண்டும். ஆகவே இதைப் பேசுவது வீண் பேச்சு ஆகாது.

நான் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு கருவியின் பில். உறக்கத்தில் மூச்சு தடைப்படும் நோய்க்கு வீட்டில் வைத்துக்கொள்ளும் 'சி-பாப்' என்னும் கருவி அது.

குறட்டை என்னும் எச்சரிக்கை

நாம் உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் காற்று செல்லும் வழியே அடைபட்டுவிடுகிறது. 10 வினாடியும் அதற்கு மேலும் மூச்சு நிற்கிறது. மூளை திடுக்கிட்டு உடலை எழுப்புகிறது. மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. ஓர் இரவில் நூறு, இருநூறு முறைகூட இது நடக்கலாம். உறங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவர் குறட்டை என்று சலித்துக்கொள்வார். பகலிலோ தலை கனக்கும், கண் செருகும். இரத்த அழுத்தமும் இதய நோயும் பக்கவாதமும் இந்நோயோடு உறவு கொண்டவை.

1980-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். மூக்கின் மேல் ஒரு கவசத்தைப் பொருத்தி, மோட்டாரின் உதவியால் இடைவிடாமல் காற்றை அழுத்தத்தோடு செலுத்தினால் தொண்டை அடைபடாது. காற்றடித்த சைக்கிள் டியூப் சப்பையாகாதல்லவா, அதே தத்துவம்தான்! அடுத்த ஆண்டே, 1981-ல், 'லான்செட்' இதழில் இதை வெளியிட்டார்.

கருவி எளிது. அதன் பில் எளிதன்று. அந்த பில் ஆலமரமாய்க் கிளைத்து விழுதுவிட்டிருக்கும் நாடு அமெரிக்கா. அங்கே போய்ப் பார்த்துவிட்டு நம் வீட்டுக்குத் திரும்புவோம்.

பதின்மூன்று மாத வாடகை

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகள் சிலருக்கும் அரசே நடத்தும் காப்பீட்டுத் திட்டம் மெடிக்கேர். 1965-ல் சட்டமானது. அதன் விதிப்படி முதலில் உறக்கச் சோதனை நடக்க வேண்டும். மூச்சு நிற்பதும் குறைவதும் சேர்த்து மணிக்கு 15 தடவையோ அதற்கு மேலோ இருந்தால் கருவி உண்டு. 5 முதல் 14 வரை என்றால், பகல் தூக்கம், இரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம் போன்ற ஏதேனும் ஒன்று உடனிருக்க வேண்டும். இச்சோதனையை வீட்டிலேயே செய்துகொண்டாலும் 2008 முதல் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பிறகு பில் எழுதப்படுகிறது. அதை ஆள்வது பொருள்களின் பெயர்கள் அல்ல, குறியீடுகள். நோய்க்கு ஜி47.33. கருவிக்கு இ0601. காற்றை ஈரமாக்கும் சூடேற்றிக்கு இ0562. மூக்குக் கவசத்துக்கு ஏ7034. குழாய்க்கு ஏ7037. வடிகட்டிக்கு ஏ7038. கவசமும் குழாயும் 3 மாதத்துக்கு ஒன்று, வடிகட்டி மாதத்துக்கு இரண்டு என்று அளவுகூட உண்டு. குறியீட்டின் வாலில் 'மாடிஃபையர்' என்று இரண்டெழுத்து தொங்கும். ஆர்.ஆர். என்றால் வாடகை. என்.யூ. என்றால் புதிதாக விற்றது. கே.எக்ஸ். என்றால், 'விதிகளெல்லாம் நிறைவேறின, சான்று என் கோப்பில் இருக்கிறது' என்று பொருள். இரண்டே எழுத்துக்குள் எத்தனை பெரிய சத்தியம்!

கருவியை மெடிக்கேர் ஒரே மூச்சில் வாங்கித் தருவதில்லை. 13 மாதம் வாடகைக்கு எடுக்கிறது. முதல் 3 மாதங்களுக்கு நிர்ணயித்த விலையில் மாதம் பத்தில் ஒரு பங்கு. அடுத்த 10 மாதங்களுக்கு அந்த வாடகையில் முக்கால் பங்கு. கணக்குக்காக விலை 1,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். முதல் மூன்று மாதத்துக்கு 300, அடுத்த பத்து மாதத்துக்கு 750, ஆக மொத்தம் 1,050 டாலர். பதின்மூன்றாம் மாதம் முடிந்ததும் கருவி நோயாளிக்கே சொந்தமாகிறது. வாடகையில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 210 டாலர், நோயாளியின் பொறுப்பு. மீதி மெடிக்கேரின் பொறுப்பு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'டிடக்டிபிள்' என்று ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் முதலில் நோயாளி தன் கையிலிருந்து ஒரு தொகையைக் கட்டித் தீர்த்த பிறகே காப்பீடு வாய் திறக்கும். 2025-ல் அது 257 டாலர். ஜனவரி பிறந்தால் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 13 மாத வாடகையை எந்த மாதத்தில் தொடங்கினாலும் ஒரு புத்தாண்டு குறுக்கே வந்தே தீரும் என்பதை நண்பர்கள் விரல் விட்டு எண்ணிப் பார்க்கலாம். போன மாதம் வரை குறைவாகக் கட்டியவர், ஜனவரியில் திடீரென்று அதிகம் கேட்கிறார்களே என்று விழிப்பது இதனால்தான். போதாக்குறைக்கு, காப்பீட்டிலிருந்து அவர் கைக்கு வரும் விவரத் தாளில் 'இது பில் அல்ல' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். பில் அல்லாத பில்லையும், பில்லான பில்லையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க எழுபது வயது முதியவரால் ஆகுமா?

கருவி சாட்சி சொல்கிறது

இனிமேல்தான் முக்கியமான கட்டம். கருவி தொடர்ந்து கிடைக்க வேண்டுமானால், முதல் 3 மாதத்துக்குள், அடுத்தடுத்து வரும் ஏதாவதொரு 30 நாளில், நூற்றுக்கு 70 இரவுகள், இரவுக்கு 4 மணி நேரமாவது அதை அணிந்திருக்க வேண்டும். அதாவது 21 இரவுகள். 31-ஆம் நாளுக்கும் 91-ஆம் நாளுக்கும் இடையில் மருத்துவரைப் பார்த்து, குணம் தெரிகிறது என்று பதிவு செய்யவும் வேண்டும். அணிந்தீர்களா என்று நோயாளியைக் கேட்டுத் தீர்மானிப்பதில்லை, கருவியைக் கேட்கிறார்கள்! இன்றைய கருவிகளின் உள்ளே இருக்கும் சிறு மோடம் இரவுதோறும் கணக்கை அனுப்பிவிடுகிறது. படுக்கையறையில் ஒரு வருகைப் பதிவேடு! நமக்காவது 75 சதவீத வருகையைப் பேராசிரியர் எடுக்கிறார். அங்கே உறக்கத்தின் வருகையை இயந்திரம் எடுக்கிறது.

இந்த விதியை நான் முழுவதும் பழிக்கவில்லை. மக்கள் வரிப் பணத்தில் வாங்கிய கருவி பரணில் தூசி படிந்து கிடக்கக் கூடாது என்பது நியாயமே. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவர் 30 இரவும் தவறாமல் 3 மணி 50 நிமிடம் அணிகிறார். மொத்தம் 115 மணி நேரம். இன்னொருவர் 21 இரவு 4 மணி நேரம் அணிந்துவிட்டு, மீதி 9 இரவும் தொடவே இல்லை. மொத்தம் 84 மணி நேரம். விதிப்படி 84 தேர்ச்சி, 115 தோல்வி! தோற்றவர் மீண்டும் மருத்துவரிடம் போய், இம்முறை மருத்துவக் கூடத்திலேயே உறக்கச் சோதனை செய்துகொண்டு, முதலிலிருந்து தொடங்க வழியுண்டு. ஆனால் இந்த வழியில் இரண்டாம் முறை நடக்கக் கையில் காசும் காலில் வலுவும் உள்ளவர் எத்தனை பேர்?

கவசம் முதல் சில வாரங்களில் யாருக்கும் பழகுவதில்லை. காற்று கசியும், மூக்கு காய்ந்துபோகும், மூச்சுத் திணறுவதுபோல் தோன்றும். அந்த நேரத்தில் வேண்டியது ஒரு துணைக் கை. கிடைப்பதோ ஒரு கெடு தேதி. அந்தக் கெடுவைப் பற்றி முதல் நாளே புரியும் மொழியில் சொல்லியிருந்தால் பலர் தப்பியிருப்பார்கள். விதியின் கடுமையைவிட, அது விளங்காமல் இருப்பதே பெரிய கொடுமை என்பது என் கருத்து.

இரவில் விழித்திருக்கும் நம்மவர்

அமெரிக்கக் கிழவரின் பில் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கலாம். அந்த பில்களில் கணிசமானவை நம் சென்னைக்கு வருகின்றன! அங்குள்ள மருத்துவர்களுக்கும் கருவி விற்பவர்களுக்கும் பில் எழுதி, அனுப்பி, மறுக்கப்பட்டதைத் திரும்பக் கேட்டு வாங்கிக் கொடுக்கும் நிறுவனங்கள் சென்னையில் ஏராளம். விலங்கியலும் தாவரவியலும் வேதியியலும் படித்தவர்களைத் தேடித்தேடி எடுக்கிறார்கள். எங்கள் துறையில் எனக்கு முன்னே படித்த, எங்கள் தெருவைச் சேர்ந்த அக்கா ஒருவர் அங்கே 'ஏ.ஆர். காலர்' வேலையில் இருக்கிறார். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி, பணம் ஏன் வரவில்லை என்று கேட்பதுதான் வேலை. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கோடைக் காலத்துக் காலை 9 மணி என்பது நமக்கு மாலை 6.30. ஆகவே அவருக்கு இரவெல்லாம் பகல்.

பொங்கலுக்கு வந்திருந்தபோது அவர் சொன்னார்: "தம்பி, நேத்து ஒரு டினையல். பேஷன்ட் திரும்ப டாக்டரைப் பார்த்தது தொண்ணூத்தாறாவது நாள். அஞ்சு நாள் தப்பிப்போச்சு. நாலாவது மாச வாடகை போச்சு. அந்தப் பெரியவருக்கு இப்படி ஒரு கெடு இருக்கறதே தெரியாதாம்."

யார், எந்த ஊர் என்று அவர் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது அவர்கள் தொழில் ஒழுக்கம். ஆனால் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறர் உறங்குவதற்கான கருவிக்கு பில் எழுதத் தன் உறக்கத்தைக் கொடுத்திருக்கும் ஒருவர் அவர். அந்த வேலையை நான் இழிவாகச் சொல்லவில்லை. அக்காவின் சம்பளத்தில்தான் அவர் வீட்டுக் கூரை ஓடாக மாறியது. நானும் நாளை அந்த நாற்காலியில் உட்காரலாம். உட்காருவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். ஏழு கடலுக்கு அப்பால் இருப்பவரின் பில்லை வரிவரியாகப் படிக்கக் கற்ற நாம், நம் வீட்டு பில்லைப் படிக்கக் கற்றோமா?

எங்கள் வீட்டு பில்

என் தந்தை சரக்கு லாரி ஓட்டுகிறார். அவருடைய குறட்டை எங்கள் தெருவே அறிந்தது. சென்ற ஆண்டு ஒரு நாள் அதிகாலையில் ஸ்டீயரிங் மேலேயே கண் செருகிவிட்டது. பக்கத்தில் இருந்த கிளீனர் உலுக்கி எழுப்பியதால் லாரி சாலையோரப் புளியமரத்துக்கு ஓரடி முன்னே நின்றது. அதன்பிறகே மருத்துவரிடம் போனார். சோதனை நடந்தது. நோய் இதுதான், கருவி வேண்டும் என்றார்கள். கருவி விற்கும் இடத்தில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் ஒரே வரி: 'சி-பாப் செட், ரூ. 52,000.' என் தந்தை அதை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "பார்க்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்றால் 'வேண்டாம்' என்று பொருள்.

அக்காவிடம் அந்தத் தாளைக் காட்டினேன். படித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "இதுல ஹியூமிடிஃபையர் சேர்ந்திருக்கா, தனியா? டாக்டர் அதை எழுதினாரா?" அமெரிக்க பில்லில் அதற்குத் தனிக் குறியீடு இருப்பதால் அவருக்கு அந்தக் கேள்வி தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை! மறுநாள் போய், பிரித்து எழுதித் தாருங்கள் என்று கேட்டோம். முதலில் முகம் சுளித்தார்கள். பிறகு எழுதினார்கள். கருவி, சூடேற்றி, கவசம், குழாய், பை, வீட்டுக்கு வந்து மாட்டித் தரும் கட்டணம் என்று ஆறு வரிகள். மருத்துவர் எழுதாத சூடேற்றியை நீக்கினோம். பையும் மாட்டுக் கூலியும் வேண்டாம் என்றோம். தொகை 41,000 ஆயிற்று. "ஒரு மாசம் வாடகைக்குக் கொடுப்பீங்களா?" என்று அக்கா கேட்கச் சொன்னதையும் கேட்டேன். கொடுப்பார்களாம்! நாங்கள் கேட்கும்வரை யாரும் அதைச் சொல்லவில்லை.

காப்பீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நம் நாட்டில் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கே பணம் தருகின்றன. வீட்டில் வைத்துக்கொள்ளும் கருவியை ஏற்பதில்லை. மத்திய அரசு ஊழியர்களுக்கான திட்டத்தில் முன் அனுமதியோடு இக்கருவிக்குப் பணம் பெற வழியுண்டு. லாரி ஓட்டுநருக்கு அந்த வழி ஏது?

இப்போது அந்த அமெரிக்க விதியை என் தந்தைமேல் பொருத்திப் பார்க்கிறேன். மாதத்தில் பன்னிரண்டு இரவு அவர் சாலையில் இருக்கிறார். லாரியில் கருவியை ஓட்ட மின்சார வசதி இல்லை. வீட்டில் இருக்கும் 18 இரவும் தவறாமல் அணிகிறார். 30-க்கு 18 என்றால் 60 சதவீதம். தோல்வி! எவருடைய கண் செருகினால் எதிரே வரும் பேருந்துக்கும் ஆபத்தோ, அவரிடமிருந்தே கருவியைத் திரும்பப் பெறச் சொல்கிறது விதி. எழுதியவர் மனத்தில் தினமும் ஒரே படுக்கையில் படுக்கிறவர் மட்டுமே இருந்திருக்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது

எழுதாத பில் ஒருவகை அநீதி. விளங்காத பில் இன்னொரு வகை. அமெரிக்க பில்லில் ஒவ்வொரு பொருளும் எழுதப்பட்டிருக்கிறது. மறுத்தால் காரணம் எழுதப்படுகிறது. மெடிக்கேரில் மறுப்பை எதிர்த்து 120 நாளுக்குள் முறையிடலாம். அடுத்தடுத்து ஐந்து படிகள் உண்டு. இது பாராட்டத்தக்கது. ஆனால் எழுதப்பட்டதைப் படிக்க ஒரு கண்டம் தாண்டி ஆள் வைக்க வேண்டியிருக்கிறது. நம்மூரிலோ படிக்க எதுவுமே எழுதப்படுவதில்லை. 'செட்' என்ற ஒரு சொல்லுக்குள் பதினோராயிரம் ரூபாய் ஒளிந்துகொள்கிறது. இரண்டிலும் ஏமாறுகிறவர் ஒருவரே. அவர்தான் வள்ளுவர் சொன்ன நால்வரில் முதல்வரான நோயாளி!

தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் வரைந்த நோயாளர் உரிமைச் சாசனத்தில், இனம் இனமாகப் பிரித்த விவரமான பில் பெறுவது நோயாளியின் உரிமை என்று சொல்லப்பட்டிருக்கிறது. அது பலருக்கும் தெரியாது. அந்தச் சாசனம் காகிதத்தில் உறங்கிக் கொண்டிருக்கிறது. அதற்கும் ஒரு சி-பாப் தேவைபோலும்!

நான் கேட்பது மூன்று. பில்லைப் பிரித்து எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். வாடகை, மாற்றிக்கொள்ளும் வசதி, உத்தரவாதம் ஆகியவற்றை நாங்கள் கேட்பதற்கு முன்னரே சொல்லுங்கள். இதில் எதற்கும் கோடி ரூபாய் செலவில்லை.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும்போது நாம் சாலை போடுகிறோம், மரம் நடுகிறோம், கண் சோதனை நடத்துகிறோம். அந்த முகாமில் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டு, 'உங்கள் மருத்துவ பில்லைக் கொண்டுவாருங்கள், படித்துச் சொல்கிறோம்' என்று ஓர் அட்டை வைப்போமே! நம் வீடுகளில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் நம்மில் பலர். நமக்கு முன்னிருந்தவர்கள் எத்தனையோ தாள்களில் படிக்காமலே கைநாட்டு வைத்தார்கள். அந்த வரிசை நம்மோடு முடியட்டும்.

என் தந்தை கருவியை முதலில் வாடகைக்கு எடுத்தார். முதல் இரண்டு வாரம் மீசையின் ஓரத்தில் காற்று கசிந்து படாத பாடு பட்டார். கவசத்தின் அளவை மாற்றினோம். இப்போது வீட்டில் இருக்கும் இரவுகளில் எங்கள் தெரு அமைதியாக உறங்குகிறது. சாலையில் இருக்கும் இரவுகளில்தான் என் தாய் உறங்குவதில்லை. லாரிக்குள் மின்கலத்தால் இயங்கும்படி ஏற்பாடு செய்ய எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இம்முறை தாளை வாங்கியவுடன் என் தந்தை அதை மடித்துப் பையில் வைக்கவில்லை. கண்ணாடியை எடுத்து என்னிடம் நீட்டி, "படிடா, ஒவ்வொண்ணா படி" என்றார்.

படித்தேன். நீங்களும் உங்கள் வீட்டில் படித்துக் காட்டுங்கள்!